டப்பாவில் இல்லாத ரத்தம்

ரத்தம் வீட்டில் இருந்தது. டப்பாவில் இல்லை.

வழக்கு இவ்வளவுதான் என்று நினைத்தார் பஸ் டிரைவர். பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்த ஒரு கைக்குட்டையையும் அதன் பக்கத்தில் ஒரு காகிதத்தையும் மேசைமேல் வைத்தார். கைக்குட்டையில் ஐந்தாறு பழுப்புப் புள்ளிகள். காகிதத்தில் நெஞ்சக மருத்துவமனையின் முத்திரை. அதன் கீழே ஒரே வரி: 'காசநோய்க் கிருமி: இல்லை.'

"கைக்குட்டை என் பொண்ணோடது. காகிதமும் அவளோடதுதான்னு அவங்க சொல்றாங்க. ரெண்டும் ஒரே நாள்மா. காலைல இருமுறப்ப ரத்தம் வந்துச்சு. பத்து மணிக்கு ஆஸ்பத்திரில டெஸ்டுக்கு டப்பால குடுத்தா. மதியமே இல்லைன்னுட்டாங்க. டப்பாவ மாத்திட்டாங்க. வேற என்ன?"

மேசைக்கு மறுபுறம் இருந்தவளை ஊரில் எல்லோரும் புரூஃப் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகத்தை மூடிய பிறகு, அச்சில் ஏறாத பிழைகள்தான் அதிகம் என்று கண்டுகொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்தாள். அவளுடைய உதவியாளன் ரேடியோ. நாற்பது வயது. முன்பு ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்ததால் வந்த பெயர் என்று அவன் சொல்வான். அணைக்கிற விசை இல்லாததால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"உங்க மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரிதானே?" என்றாள் புரூஃப்.

"ஆமா. மூணு தடவ பாத்தாங்க. மூணு தடவையும் இல்லைன்னாங்க." டிரைவர் பிளாஸ்டிக் பையின் சுருக்கத்தை நீவிவிட்டார். "மூணாவது 'இல்லை' வந்து பதினெட்டாம் நாள் அவளும் இல்ல."

ரேடியோ தண்ணீர்ச் செம்பை டிரைவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மகள் ஜன்னலோரம் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. நூலகத்தில் பயிற்சிக்குப் போகிறவள். ரவிக்கையின் தோள் தையல் முழங்கைப் பக்கமாக இறங்கியிருந்தது; தைத்தபோது அந்த உடம்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

"பாப்பா, டப்பால சரியா குடுத்தியா?"

"கேட்டத சரியாத்தான் குடுத்தேன் மேடம். அம்மாவுக்கும் நான்தான் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தேன்."

"மாத்திரையாவது குடுங்கன்னு கேட்டேன்," என்றார் டிரைவர். "காகிதத்துல இல்லைன்னு இருந்தா கிடையாதாம். திரும்பப் பாக்கணும்னா மூணு மாசம் கழிச்சு வரணுமாம். பெரிய டாக்டர் போன மாசம் போட்ட புது விதி. இவ அம்மாவுக்கு முதல் காகிதத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மொத்தமே மூணு மாசந்தாம்மா."

புரூஃப் எழுந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு வந்து உக்காருங்க. ரேடியோ, வண்டிய எடு."

* * *

மருத்துவமனையின் முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. 'பூச்சியத்தை நோக்கி! நூற்றுக்குப் பதினொன்று, எட்டே மாதங்களில் நூற்றுக்கு ஒன்று!' அதில் தலைமை மருத்துவர் பரிசோதனை இயந்திரத்தின் மேல் கை வைத்து நின்றார். பெற்ற பிள்ளையின் தலையில்கூட யாரும் அவ்வளவு பாசமாகக் கை வைத்திருக்க மாட்டார்கள். நாளைக்கு விருதுக் குழு வருகிறதாம். அதற்காகப் பூந்தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"காசநோய இவ்வளவு வேகமா விரட்டிட்டாரே அக்கா. நோய்க்கு பஸ் கிடைச்சிருக்கும்ங்கறீங்க?"

"பின்வாசல் வழியா வா."

பரிசோதனைக் கூடத்து வாசலில் ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்தார்கள். ரேடியோ அதைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "நம்ம தொழில்ல வழக்கமா எதிர்த்தரப்புதான் இதைக் கட்டும்."

டெக்னீஷியன் ஒல்லியான மனிதர். குளிர்சாதன அறையிலும் அவருக்கு வியர்த்திருந்தது. அறை நடுவில் இயந்திரம். வழவழப்பான ஒரு பெட்டி, அதில் நான்கு கதவுகள். பக்கத்தில் அடுக்கி வைத்த கார்ட்ரிட்ஜ்கள், கைக்கடக்கமான பிளாஸ்டிக் குப்பிகள்.

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் புரூஃப். "நான் எட்டாங்கிளாஸ் அறிவியலோட சரி."

"டப்பால வர்ற சளிய மருந்து ஊத்திக் கரைப்போம். அத இந்த கார்ட்ரிட்ஜ்ல விட்டு உள்ள வைப்போம். கிருமியோட மரபணுவ மெஷின் தேடும். இருந்தா உண்டுங்கும். வழக்கமான மருந்து அதுங்கிட்ட பலிக்குமா பலிக்காதாங்கறதையும் சேர்த்தே சொல்லிடும். ஒன்னரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். முன்ன இதுக்கு வாரக்கணக்குல காத்திருந்தோம்."

"தப்பாச் சொல்லாதா?"

"அதுக்கு எதக் குடுக்கறோமோ அதுக்குத்தான் பதில் சொல்லும்."

"டிரைவர் பொண்ணோட டப்பாவ மாத்தினது யாரு?"

டெக்னீஷியனுக்கு முகக்கவசத்துக்கு மேலேயே முகம் சிவந்தது தெரிந்தது. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "நோயாளி டப்பாவ மூடினதும் மூடிக்கும் டப்பாவுக்கும் சேர்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதுமேல கையெழுத்துப் போடுவாங்க. நான் திறக்கறப்ப ரெண்டா கிழியும். மேல்பாதிய இங்க ஒட்டுவேன். கீழ்பாதி டப்பாலயே இருக்கும். நீங்களே பாருங்க."

புரூஃப் பார்த்தாள். டப்பாவில் பாதிக் கையெழுத்து. பதிவேட்டில் பாதி. நூலகத்துப் பெண்ணின் அழகான, நிதானமான கையெழுத்து, கிழிந்த ஓரத்தில் இழைக்கு இழை பொருந்தியது.

"டப்பா மாறல," என்றாள்.

"வழக்கு முடிஞ்சது," என்றான் ரேடியோ. "டீ குடிக்கலாமா?"

அவள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் மீதி இருந்தது கண்ணாடி போல இருந்தது. மேலே நாலைந்து குமிழ்கள். "இது என்ன? இது சளியா?"

டெக்னீஷியன் தரையைப் பார்த்தார். "எச்சில்."

"எச்சில்ல கிருமி தெரியுமா?"

"நோய் நெஞ்சுக்குள்ள இருக்கும்மா. அங்கேர்ந்து இருமி எடுக்கணும். எச்சில் வாயில ஊறுறது. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குள்ள யாரும் இல்லன்னு சொல்ற மாதிரி. எப்பவாவது தெரியும். பெரும்பாலும் தெரியாது."

"அப்ப ஏன் வாங்கினீங்க?"

"திருப்பி அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு சுற்றறிக்கை வந்தது. நோயாளிகள் மனமுவந்து அளிப்பதைத் திருப்பி அனுப்புவது அவமதிப்பாகும்னு. எழுதிக் குடுத்தேன். பதில் இல்ல. திரும்ப எழுதிக் குடுத்தேன்."

"மூணாவது தடவ?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

புரூஃப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிழை திருத்தப் பழகிய கண் வரியைப் படிக்காது, வடிவத்தைப் பார்க்கும். 'மாதிரியின் தன்மை' என்ற பத்தியில் ஒரு வருடத்துக்கு முந்தைய பக்கங்கள்: கெட்டி, மஞ்சள், கெட்டி, ரத்தம் கலந்தது, மஞ்சள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. அன்றிலிருந்து: தெளிவு, தெளிவு, தெளிவு. பக்கம் பக்கமாகத் தெளிவு. ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு அச்சு இயந்திரம் நின்றுபோனது போல.

நடுவில் எப்போதாவது ஒரு 'மஞ்சள்'. எப்போதாவது ஒரு 'உண்டு'.

"ரேடியோ, இந்தப் பக்கம் வா. 'உண்டு'ன்னு வந்ததுல எல்லாம் ஸ்டிக்கரப் பாரு."

ரேடியோ குனிந்தான். "கைநாட்டு. இதுவும் கைநாட்டு. இதுவும்..." நிமிர்ந்தான். "அக்கா, கிருமிக்குப் படிச்சவங்களப் பிடிக்கலையா?"

எண்ணினார்கள். எட்டு மாதத்தில் அறுநூற்று நாற்பது பேர். கைநாட்டு வைத்தவர்கள் அறுபத்து மூன்று; அதில் ஏழு பேருக்கு நோய். கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்நூற்று எழுபத்தேழு. அதில் ஒரே ஒருவருக்கு.

"அறுபத்து மூணுக்கு ஏழு," என்றாள் புரூஃப். "நூத்துக்குப் பதினொன்னு. பழைய கணக்கு எங்கயும் போகல. கட்டைவிரல்ல அப்படியே உயிரோட இருக்கு. பேர் எழுதத் தெரிஞ்சவங்கதான் எச்சில் குடுத்திருக்காங்க. ஏன்?"

"கூச்சம்னு நினைச்சேன்," என்றார் டெக்னீஷியன். "படிச்சவங்களுக்கு நாலு பேர் முன்னாடி காற வெக்கம்."

"ஐந்நூத்து எழுபத்தாறு பேருக்கும் ஒரே திங்கக்கிழமைலேர்ந்து வெக்கம் வந்துச்சா? நீங்க போய்ப் பாக்கலையா?"

அவர் மூலையில் இருந்த கதவைக் காட்டினார். தாழ்ப்பாள்மேல் தூசி. "அந்தப் பக்கம் வரவேற்பறை. விருந்தினர் வர்ற வழின்னு எங்களப் போகக் கூடாதுன்னுட்டாங்க. டப்பா இந்த ஜன்னல் வழியாத்தான் வரும்."

"இந்த ஒத்தைக் கையெழுத்து யாரு?"

"ரிட்டயர்டு வாத்தியார். ஏன் அவருக்கு மட்டும்னு எனக்கும் தெரியல."

"கைநாட்டு வைக்கறவங்களுக்கு இங்க யார் சொல்லிக் குடுக்கறது?"

டெக்னீஷியன் தயங்கினார். "துப்புரவு அம்மாவக் கேளுங்க. பின்னாடி கொட்டகைல இருப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

* * *

பின்புறம் வேலியோரமாக ஒரு தகரக் கொட்டகை. மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்திருந்தது. ஒரு காலத்தில் நோயாளிகள் வெளிக்காற்றில் நின்று இருமிச் சளி கொடுப்பதற்காகக் கட்டியது. இப்போது பெஞ்சுகளில் உடைந்த நாற்காலிகள். ஒரு பெஞ்சு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. துப்புரவு அம்மா அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு? பேஷண்டா? பேஷண்ட்கிட்ட நான் பேசக் கூடாது."

"பேஷண்ட் இல்லம்மா," என்றான் ரேடியோ. "துப்பு தேடி வந்திருக்கோம்."

"துப்பத்தான் இங்க விடறதில்லையே."

புரூஃப் சுத்தமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "இத மட்டும் துடைச்சு வச்சிருக்கீங்க."

துப்புரவு அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். சொன்னால் என்ன, வேலை போய்விடுமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, போனால் போகட்டும் என்று முடிவு செய்ததும் தெரிந்தது.

"படிக்கத் தெரியாதவங்க டப்பாவ வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு சுவத்தக் காட்டும். அவங்களுக்குச் சுவரும் ஒன்னுதான், வானமும் ஒன்னுதான். கடைசில என்கிட்ட வருவாங்க. நான் இங்க கூட்டிட்டு வருவேன். முதல்ல வாயக் கொப்புளி. நல்லா மூச்ச இழு. பிடி. விடு. திரும்ப இழு. இப்ப அடி வயித்துலேர்ந்து இருமி, நெஞ்சுல இருக்கறதக் காறி டப்பால துப்பு. முப்பது வருசமா இதத்தான் சொல்றேன்."

"படிச்சவங்களுக்கு?"

"படிச்சவங்க என்னக் கேப்பாங்களா? சுவத்தப் படிச்சுட்டு அரை நிமிசத்துல குடுத்துட்டுப் போயிடறாங்க. ஒரு தடவ நானே வலியப் போய்ச் சொன்னேன். பெரிய டாக்டர் பாத்துட்டார். 'காறித் துப்பு'ன்னு இந்த வளாகத்துல ஒரு சொல் கேக்கக் கூடாதுன்னார். ஒரு வாரம் வேலைக்கு வர வேணாம்னுட்டார்."

"ஒரு வாத்தியார் வந்தாரே. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவர்."

"அவரா. கண்ணாடிய வீட்டுல மறந்துட்டு வந்துட்டார். சுவத்துல என்னம்மா போட்டிருக்கு, படின்னார். எனக்கு எங்க படிக்கத் தெரியும்? அத அவர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. படிக்கற மாதிரி நின்னுக்கிட்டு எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

ரேடியோ முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். "அக்கா, அப்ப அந்த வாத்தியார் பொழச்சதுக்குக் காரணம் படிக்கத் தெரியாதவங்க படிச்சுக் காட்டினது."

புரூஃப் அவனைக் கவனிக்கவில்லை. துப்புரவு அம்மாவின் கையில் இருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறம் இல்லை அது. ஒரு தகரப் பலகையின் பாதி. ஓரத்தை மடித்துக் குப்பை அள்ள வைத்திருந்தாள். அடிப்பக்கத்தில் பெயின்ட் எழுத்து.

"இத எங்க எடுத்தீங்க?"

"முன்ன சுவத்துல மாட்டியிருந்தது. புதுசு வந்ததும் தூக்கிப் போட்டாங்க. தகரம் நல்ல தகரம்."

புரூஃப் சருகைக் கொட்டிவிட்டு அதைத் திருப்பினாள். 'மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கோழையைத் துப்பவும். எச்சில் வேண்டாம்.'

"மூலப் பிரதி கிடைச்சிடுச்சு," என்றாள். "வா, அச்சானதப் பாப்போம்."

* * *

வரவேற்பறை ஒரு திருமண மண்டபத்தின் அகலம் இருந்தது. கண்ணாடி அலமாரியில் கேடயங்கள். டிரைவரும் மகளும் ஓரத்து நாற்காலிகளில் காத்திருந்தார்கள். மாதிரி கொடுக்கும் கவுன்ட்டருக்கு மேலே, தங்க நிறச் சட்டத்துக்குள், வழவழப்பான ஓர் அட்டை.

புரூஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'அன்புடையீர்! தங்கள் தூய உமிழ்நீரை இக்கலத்தில் மென்மையாக இடுக. இருமுதல், செருமுதல், காறுதல் முதலிய நாகரிகமற்ற செயல்களை அறவே தவிர்க்க. துணிவே நலம்.'

கீழே, 'ஆக்கம்' என்று போட்டு, தலைமை மருத்துவரின் பெயர். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் கூட்ஸ் வண்டி போல அடுத்த வரிக்கும் ஓடின.

"ஆயுதத்துல கைரேகை தேடறதுதான் வழக்கம்," என்றான் ரேடியோ மெதுவாக. "இவர் பட்டத்தோட பேரே போட்டு, சட்டம் போட்டு மாட்டிட்டார்."

"அட்டையைப் பாராட்டுகிறீர்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தலைமை மருத்துவர் பதாகையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குட்டை. நாளைய விழாவுக்கான கோட்டு அளவு சரியா என்று இன்றே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து பேசிப் பேசிப் பழகி, அவருக்குத் தரையிலிருந்து பேசத் தெரியாமல் போயிருந்தது.

"படிச்சேன்," என்றாள் புரூஃப். "ஒரு வார்த்தை மாறியிருக்கு. முன்ன கோழைன்னு இருந்தது."

"இருந்தது. அந்த அவமானத்தை ஏன் நினைவூட்டுகிறீர்கள், அம்மையீர்? நமது நிறுவனத்தின் முழக்கம் 'துணிவே நலம்'. அதற்கு நேர் கீழே 'கோழை சேகரிக்கும் இடம்' என்று ஒரு தகரப் பலகை! பார்வையிட வந்த உயர்மட்டக் குழு என் கண்ணெதிரே சிரித்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் என் கையாலேயே எழுதினேன். எச்சில் என்பது கொச்சை. சளி என்பது கொச்சையிலும் கொச்சை. உமிழ்நீர்! எவ்வளவு தூய சொல்."

"தூய சொல்தான். ஆனா அது வேற பொருள் டாக்டர். நீங்க நெஞ்சக் கேட்டிருக்கணும். வாயக் கேட்டுட்டீங்க."

"ஒரு சொல்லில் என்ன இருக்கிறது? பொதுமக்கள் பொதுவாகப் புரிந்துகொள்வார்கள்."

"இல்ல சார். அவங்க சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அதான் பிரச்சனை." புரூஃப் கையிலிருந்த தகரத்தை அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "எட்டு மாசமா எழுத்துக் கூட்டிப் படிச்ச எல்லாரும் எச்சில் குடுத்திருக்காங்க. படிக்கத் தெரியாதவங்க மட்டும் பழைய மாதிரி குடுத்திருக்காங்க. பழைய மாதிரியே நோயும் வந்திருக்கு. நீங்க நோயக் குறைக்கல. அதத் தேடற இடத்த மாத்திட்டீங்க. அந்த நூத்துக்குப் பதினொன்னு கணக்குல, நோயிருந்தும் அறுபது பேருக்குக் குறையாம 'இல்லை'ங்கற காகிதத்தோட வீட்டுக்குப் போயிருக்காங்க. போய், பக்கத்துல படுத்திருக்கறவங்க மேல இருமிக்கிட்டு இருக்காங்க."

அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

டிரைவரின் மகள் எழுந்து நின்றிருந்தாள். தகரத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், திரும்பவும் தகரத்தை. நூலகத்தில் இரண்டு பதிப்புகளை ஒப்பிடுகிறவளின் கண்.

"அம்மாவுக்கு வந்துச்சு," என்றாள்.

"என்னடா பாப்பா?" என்றார் டிரைவர்.

"இங்கதான் நின்னாங்க. டப்பா கைல இருந்துச்சு. இருமல் வந்துச்சு, நெஞ்சுலேர்ந்து வந்துச்சு, அதுலயே துப்பப் போனாங்க. நான்தான் கையப் பிடிச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "'அது வேணாம்மா, அசிங்கம். கார்டப் பாரு, உமிழ்நீர்னுதான் போட்டிருக்கு'ன்னேன். பாத்ரூம்ல போய்த் துப்பிட்டு, வாயக் கழுவிட்டு வந்து சுத்தமாக் குடுத்தாங்க. மூணு தடவையும் நான்தான் படிச்சுச் சொன்னேன்."

கவுன்ட்டர் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

தலைமை மருத்துவர் தொண்டையைச் செருமினார். தாமே தடை செய்த காரியம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "வருந்தத்தக்கது. ஆயினும் தனிப்பட்ட ஒரு நோயாளியின்... இயந்திரத்தின் துல்லியம் குறித்து நான் ஏற்கெனவே ஐயம் கொண்டிருந்தேன். விசாரணைக் குழு அமைக்கப்படும். யாரங்கே, அந்த அட்டையைத் தற்காலிகமாகக் கழற்றுங்கள்."

ரேடியோ நகர்ந்து அட்டைக்குக் கீழே சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டான். "கழட்டலாம் சார். நாளைக்கு விருதுக் குழு படிச்ச பிறகு. அவ்வளவு பட்டத்தையும் அச்சடிச்சிருக்கீங்க, நாலு பேர் பாக்க வேணாமா?"

"முதல்ல இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே திரும்பப் பாக்கணும்," என்றாள் புரூஃப்.

"மூன்று மாத விதி..."

"அதையும் நீங்கதான் எழுதினீங்களா? ரேடியோ, அதுலயும் பேர் போட்டிருக்கான்னு பாரு."

மூலையில் மூடியே கிடந்த கதவு இரண்டு முறை அதிர்ந்தது. மூன்றாவது அதிர்வில் தாழ்ப்பாள் விட்டது. டெக்னீஷியன் விருந்தினர் வழியில் கால் வைத்தார். கையில் ஒரு புது டப்பா. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

தலைமை மருத்துவர் அவரைப் பார்த்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு சளி வேணும்," என்றார் டெக்னீஷியன். "சளி. இந்தப் பொண்ணோடது. இப்பவே."

* * *

கொட்டகையில் துப்புரவு அம்மா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"மூச்ச இழு கண்ணு. பிடி. விடு. வெக்கப்படாத. நல்லா இழு. இப்ப வரட்டும்."

இருமல் வந்தது. முதலில் சின்னதாக, பிறகு அவளை இரண்டாக மடிக்கிற மாதிரி. டிரைவர் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். டெக்னீஷியன் டப்பாவை வாங்கிப் பார்த்தார். கெட்டியாக, மஞ்சளாக, நடுவில் நூல் போல ஒரு சிவப்பு.

"இது மாதிரி ஒன்னப் பாத்து எவ்வளவு நாளாச்சு," என்றார். சொன்ன பிறகு, சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்து, வேகமாக உள்ளே போனார்.

ஒன்றேகால் மணி நேரம். ரேடியோ பதிவேட்டிலிருந்து ஐந்நூற்று எழுபத்தாறு பேரின் தொலைபேசி எண்களைப் படி எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று வெவ்வேறு பக்கங்களில் அந்தப் பெண்ணின் அம்மா இருந்தாள். மூன்று முறையும் அந்த வரியை எழுதாமல் அவன் பக்கத்தைத் திருப்பினான்.

காகிதம் வந்தது. டெக்னீஷியன் அதைப் புரூஃபிடம் நீட்டினார். அவள் வழக்கப்படி இரண்டு முறை படித்தாள்.

"கிருமி உண்டு," என்றாள். "வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படற வகை."

"அப்படின்னா?" என்றார் டிரைவர்.

"ஆறு மாசம் மாத்திரை," என்றார் டெக்னீஷியன். "விடாமச் சாப்பிட்டா சரியாயிடும். சீக்கிரமே மத்தவங்களுக்குப் பரவறதும் நின்னுடும். வார்டு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், இன்னைக்கே ஆரம்பிச்சிடுவார். நீங்களும் ஒரு தடவ பாத்துக்கணும்."

டிரைவர் தலையாட்டினார். நின்றார். திரும்பவும் தலையாட்டினார். கேட்கக் கூடாது என்று நினைத்த கேள்வி அவரையும் மீறி வந்தது.

"அவளுக்கும் இதேதானா? இதே மாத்திரைதானா?"

மகள் புரூஃபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும்.

"பெரும்பாலும் இதேதான்," என்றாள் புரூஃப். பொய் சொன்னால் அந்தக் கண்கள் கண்டுபிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "பாப்பா, இருபத்திரண்டு வருசம் அச்சகத்துல இருந்தவ சொல்றேன், கேளு. நீ படிச்சது சரி. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. எழுதினதுதான் தப்பு."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின, இருமலா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

டிரைவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காகிதத்தை அவள் மடியில் வைத்தார். அவர் கை அதன்மேலேயே இருந்தது.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுக்கோடா பாப்பா," என்றார். "கேட்டு, நீயே எழுதி வச்சுக்க. எனக்கு ஞாபகம் இருக்காது."